பஞ்சாயத்து போர்டில் நான் மழை சொன்ன கதை

1. பட்ஜெட்

இன்று டி.வி.யில் கோட்டு மாட்டிக்கொண்டு, மேகப்படத்தைக் காட்டி மழை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பொறாமைதான், வேறென்ன. நானும் அந்த வேலை பார்த்தவன்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பஞ்சாயத்து போர்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், என் சம்பந்தி வீடு அங்கேதான் இருக்கிறது. சேர்ந்த அன்றைக்கே பிரசிடெண்ட் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ இங்கிலீஷ் பேப்பர் படிப்பியாம்ல? மழை வருமா வராதான்னு அதுல போடுறாகளாம். நம்ம சம்சாரிகளுக்கும் தெனம் அதச் சொல்லு. பக்கத்து போர்டுக்காரன் வாயப் பொளக்கணும்."

"பட்ஜெட் எவ்வளவுங்கய்யா?"

"பட்ஜெட்டா? பள்ளிக்கூடத்துல ஒரு ஒடஞ்ச கரும்பலகை கெடக்கு, எடுத்துக்க."

ஸ்டாஃப் இரண்டு பேர். நான், அப்புறம் தண்டோரா போடும் மாயாண்டி அண்ணன். மத்தியான ரயிலில் தேனிக்கு வரும் பேப்பர், சாயங்கால பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வரும். நான் தமிழாக்கிப் பலகையில் எழுதுவேன். "உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும்" என்று நான் எழுதினால், மாயாண்டி அண்ணன் தெருவில் கொட்டடித்து, "நாளைக்கு மழை கெடையாது சாமியோவ்! கிளார்க்கையா சொல்லிட்டாக!" என்பார். என் பேரைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

முதல் மாசம் சொன்னதெல்லாம் பலித்தது. வெயில் மண்டையைப் பிளந்த மாசம், மழை இல்லை என்று மாடுகூடச் சொல்லியிருக்கும். டீக்கடையில் எனக்கு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். நானும் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தேன்.

2. சவரியம்மா

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் காலையில் சவரியம்மா அக்கா ஆபீசுக்கு ஓட்டமாக வந்தார். புருஷன் இல்லாதவர், தனியாளாக ஒரு ஏக்கர் நெல் விவசாயம். அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைநெல்லைக் களத்தில் காயப் போட்டிருந்தார்.

"கிளார்க்கையா, பண்ணைப்புரத்துல மகளுக்கு இடுப்பு வலி கண்டுருச்சாம். பொழுது சாயத்தான் திரும்புவேன். நெல்ல அள்ளி வச்சுட்டுப் போகவா, காயட்டும்னு விட்டுட்டுப் போகவா?"

"காயட்டும்க்கா. பலகையப் பாருங்க, ஒரு சொட்டு விழாது."

"மேக்க மலை கறுத்துருக்கேய்யா?"

"மலையையா கேக்குறீக? மெட்ராஸே சொல்லிருச்சு!"

அக்கா நம்பிப் போனார். மூன்று மணிக்குப் பிடித்தது பாருங்கள் மழை! நானும் மாயாண்டி அண்ணனும் சாக்கைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினோம். பாதி நெல் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. மீதியைச் சேறோடு அள்ளினோம்.

மறுநாள் அக்கா வந்தார். பேத்தி பிறந்திருந்தது. அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நெல்லுக்கு வந்தார்.

"சாப்பாட்டு நெல்லுன்னா அவிச்சு அரிசியாக்கிருவேன். இது வெதநெல்லுய்யா. எதப் போட்டு நாத்துப் பாவுவேன்?"

நான் பேப்பரை எடுத்து நீட்டினேன். என் மேல் தப்பில்லையாம்! "பாருங்கக்கா, முந்தாநாள் தேதி போட்ட பேப்பரு. முந்தாநாள் சாயந்தரம் கைக்கு வந்ததும் அப்படியே எழுதுனேன்."

அவருக்கு எழுத்து தெரியாது. பேப்பரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இத எங்க அச்சடிக்கிறாக?"

"மெட்ராஸ்ல."

"மெட்ராஸ்லருந்து ரயிலு வர ஒரு ராத்திரி, ஒரு பகல் ஆகும்ல? அன்னைக்கு அச்சடிச்சது அன்னைக்கே எப்படிய்யா இங்கன வந்துச்சு?"

தேனிக்கு ஓடி பேப்பர் ஏஜெண்டைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெளியூருக்கு வர்ற பேப்பருக்கு மறுநாள் தேதியப் போட்டுத்தான் அனுப்புவாக. இது தெரியாதா சார்?" பேப்பர் 'நாளை' என்று சொன்னது, அது என் கைக்கு வந்த நாளோடு முடிந்துபோயிருக்கும். நான் நாளைக்கென்று தண்டோரா போட்டதெல்லாம், கெடு முடிந்துபோன மழையும் வெயிலும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், தேதியைப் பார்த்தேன், ரயிலை யோசிக்கவில்லை.

3. விதைநெல்

பலகையை எடுத்துவிடலாம் என்றேன். மாயாண்டி அண்ணன் முறைத்தார். "மொதல்ல அந்தச் சவரியம்மாளுக்கு வெதைக்கு வழி பண்ணுங்க சாமி."

வீடு வீடாக நானே சாக்கோடு போனேன். அண்ணன் எனக்கு முன்னால் நடந்து கொட்டடித்தார்: "கிளார்க்கையா சொல்லி நனஞ்ச வெதநெல்லுக்கு, ஆளுக்கு ஒரு படி போடுங்க சாமியோவ்!" நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள், ஆனால் போட்டார்கள். அக்காவின் நாற்று பதினைந்து நாள் பிந்தியது. அதற்கும் நான்தான் காரணம்.

அதற்கப்புறம் பலகையில், "இது முந்தாநாள் எழுதியது" என்று முதல் வரியில் போட்டேன். பிரசிடெண்டுக்கு எரிச்சல். "ஏன்டா, இதப் பாத்தா எவன்டா மதிப்பான்?"

மாசியில் அறுப்பு முடிந்து, சவரியம்மா அக்கா பலகை முன்னால் வந்து நின்றார். என்னிடம் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"நெல்லு களத்துல கெடக்கு. மழை வருமாய்யா?"

"தெரியலக்கா. மலை கறுத்துருக்கு, அள்ளிருங்க."

"இந்தத் தெரியலங்கிறத அன்னைக்கே சொல்லிருந்தா என்னய்யா?"

வேலைக்குச் சேருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள்.

அக்கா நெல்லை அள்ளி வைத்தார். அன்றைக்கு மழை பெய்யவில்லை. அடுத்த வாரமும் என்னிடம்தான் வந்து கேட்டார்.