இடது கையால் ஆடிய சமநிலை

என் எழுத்து மேலும் கீழுமாக ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் பழகியவன் நான். ஒரு சொல்லை முடித்ததும் பேனையை வைத்துவிட்டு, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஹமீது நானாவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்று அவர் இறந்த செய்தியைச் சொன்னாள். துறைமுகத்தில் அவர் பாரந்தூக்கி இயக்கியவர். நான் கீழே நின்று சாமான்களுக்குக் கயிறு மாட்டியவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சதுரங்கம் ஆடுவோம். அங்கே எங்களோடு வேலை செய்த உங்களில் பலர் சுற்றி நின்று பார்த்தவர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நகரில் நடந்த போட்டியொன்றில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் இருவரும் தாளில் எழுத வேண்டும் என்றார் நடுவர். எனக்கு அப்போது எழுதத் தெரியாது.

"அவருக்கு வலது கை ஏலாது சேர். ரெண்டு தாளையும் நானே எழுதுறன்" என்றார் நானா. பிறகு என் பக்கம் குனிந்து, "சவரி, இனி இடது கையால ஆடுங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் மாட்டுவம்" என்றார்.

அவர் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நானும் அப்படியே. இருபக்கமும் குதிரைகள் வந்தன, மந்திரிகள் வந்தன. இத்தாலியத் திறப்பு என்று அதற்குப் பெயராம். எங்களுக்கு அது எப்போதும் ஆடுகிற சாப்பாட்டு நேர ஆட்டம். நடுவில் ஒரு கோட்டையை இழந்தேன். கடைசியில் என் ராணியால் திரும்பத் திரும்பச் செக் வைத்தேன். அவருடைய ராஜா இரண்டு கட்டங்களுக்குள் போய்ப்போய் வந்தது. "சமம்" என்று கையை நீட்டினார். நான் இடது கையைக் கொடுத்தேன். எனக்காக எழுதிய தாளை அவர் என்னிடமே தந்தார்.

வெளியே ஒருவர், "நானா பாவம் பாத்து விட்டுட்டார் ஐசே" என்று சிரித்தார். அந்தச் சொல் பல வருடம் தைத்தது. உண்மையா என்று கேட்கும்போதெல்லாம் நானா, "தாள் உங்கட கையிலதானே கிடக்கு. வாசிச்சுப் பாருங்க" என்பார். வந்த கோபத்தில்தான் கோயில் மண்டபத்து எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பழகிய பிறகும் தாளை எடுக்கப் பயம். அந்த ஆள் சொன்னது சரியாக இருந்துவிட்டால்?

நானாவை அடக்கம் செய்த மறுநாள் காலை அலுமாரியிலிருந்து தாளை எடுத்தேன். பலகையை விரித்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். அந்தச் செக்குகளிலிருந்து அவருடைய ராஜா தப்ப ஒரேயொரு கட்டம் இருந்தது. அதை என் குதிரை காத்து நின்றது. ஆடிய நானே அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் பாவம் பார்க்கவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. தனியே இருந்து சிரித்தேன். அதை அவரிடம் சொல்ல ஏலாதே என்று பிறகு அழுதேன்.

அந்த நகர்த்தல்களை எல்லாம் என் கையாலேயே எழுதி அடுத்த கிழமை உங்களுக்கு அனுப்புகிறேன். பலகையில் வைத்து ஆறுதலாகப் பாருங்கள். தாளை மட்டும் தரமாட்டேன். நானாவின் கையெழுத்தில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதன் அடியில் நான் ஒப்பமிட வேண்டிய இடம், எங்கள் பொய்க்காக அன்று வெறுமையாக விடப்பட்டது. இன்று வலது கையால் அதில் எழுதினேன்: சவரிமுத்து.