குறுக்குத்துறைப் படியில், தீபாவளிக்கு மறுநாள்

தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. தாமிரபரணிப் படித்துறையில், செத்துப்போன அப்பாவுக்கு அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஜங்ஷனில் ‘ஒயின்ஸ்’ என்ற பலகையை நம்பி, பண்டிகைக்கு லேசாக இருக்கட்டுமே என்று ஒயின்தான் கேட்டேன்.

"அது போர்டுல மட்டுந்தான் அண்ணாச்சி," என்று கடைக்காரர் பிராந்தியை எடுத்து வைத்தார். வேண்டாமென்று திரும்பி வர எனக்குத் துப்பில்லை. முழுப் பாட்டிலும் லாட்ஜ் அறையிலேயே தீர்ந்தது.

ஆறு கலங்கலாக ஓடுகிறது. படியெல்லாம் ஊறிப்போன வெடிக் காகிதம். குளித்தும் வாய்நாற்றம் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே மூச்சு விடுகிறேன். அப்பா காலத்து ஐயர்தான் செய்துவைக்கிறார். என் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார். கை நடுங்கி, தண்ணீர் விரல்நுனி வழியாக வழிந்துவிடுகிறது.

"பைய விடுங்க தம்பி. கட்டைவிரல் பக்கமால்லா விடணும்? இப்படி விட்டா அப்பாவுக்குப் போய்ச் சேராதே."

மறுபடியும் நுனியில்தான் வழிகிறது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்க்கிறார்.

"உங்க அப்பாவுக்கும் இப்படித்தான் பிடிச்சுவிடுவேன். தீவாளிக்கு மறுநாள்னா அவர் கையும் நிக்காது."