நயீம் பாய் போட்ட ரெகுலேட்டர்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வண்டி வயரிங் வேலை பார்த்தே நயீம் அகமதுவுக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் ஒயரைத் தொட்டாலே கோளாறு தெரியும். இப்போது வண்டிக்கு வண்டி ஒரு கம்ப்யூட்டர் போர்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கண்தான் எரிகிறது. கடையை மூடிவிடலாம் என்று தினமும் நினைப்பார்; மறுநாள் காலை ஷட்டரைத் தூக்குவார். வேறென்ன செய்வது?

இதில் விரிஞ்சிபுரம் பஞ்சாட்சரத்தின் வேன் வேறு உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன். அதன் போர்டில் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கரண்டை ஐந்து வோல்ட்டாகக் குறைத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற நகத்தளவு சாமான். பாய் வேறொன்று போட்டுக் கொடுத்தார். கடையில் அழகாக ஸ்டார்ட் ஆகும். விடிந்தால் ஊரில் மக்கர். மூன்று தடவை இதே கதை.

"பேட்டரி வீக்குப்பா, மாத்து" என்றார் பாய்.

"முன்ன இதே பேட்டரிலதான பாய் ஓடிச்சு? இன்னொரு நாள் லேட்டானா ட்ரிப்ப வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னுட்டாங்க."

அந்தக் கேள்வி பாயைக் குடைந்தது. மறுநாள் இடுப்பு வலியோடு முதல் பஸ்ஸைப் பிடித்து விரிஞ்சிபுரம் போனார். மீட்டரை வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் இழுத்த இழுப்பில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஆறுக்கு இறங்கியது. கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய ஐந்து நாலாயிற்று. வேன் முனகி அடங்கியது.

பாய்க்கு விளங்கிவிட்டது. வேனோடு வந்த ரெகுலேட்டர் ஆறு வோல்ட் வந்தாலும் ஐந்தைக் கொடுத்துவிடும். அவர் போட்டது டிவிக்குப் போடுகிற சாதா சாமான். ஏழுக்குக் கீழே அதனால் முடியாது. கடையில் எப்படி ஓடியதாம்? பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று சார்ஜரை மாட்டிவைத்துத்தான் டெஸ்ட் பண்ணுவார், முப்பது வருஷப் பழக்கம். அட மடையா! இப்படி எத்தனை பேருடைய பேட்டரி மேல் பழி போட்டோமோ என்று வெட்கமாக இருந்தது.

எதற்கும் இருக்கட்டுமென்று பழைய கார் போர்டு ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்த சரியான ரெகுலேட்டரைக் கழற்றி, பஞ்சாட்சரம் வீட்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அரைமணி நேரம் போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் வேன் ஒரே அடியில் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான், தினமும் அந்த வேனில் வேலைக்குப் போகிற தேவகி பஸ் ஸ்டாப்பிலிருந்து பஞ்சாட்சரத்துக்குப் போன் செய்தாள். "அண்ணே, கம்பெனில வேற வேன் அனுப்பிட்டாங்க, ஏறிட்டோம். நாளைலேர்ந்தும் இதானாம்."

"தப்பு என்னுதுப்பா. பேட்டரி மேல ஒண்ணும் இல்ல" என்றார் பாய். எந்த கஸ்டமரிடமும் அவர் அதுவரை சொல்லாத வார்த்தை.

பஞ்சாட்சரம் வேனின் முன் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறு பாய், ஆம்பூர்ல வுட்டுடறேன். எனக்கு இனிமே இன்னா வேல இருக்குது?"