சாதனை நாளில் எனக்கு ஜனாஸா

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுமத்தில் தினமும் 'விளையாட்டில் இன்று' என்று வீரர்களின் பிறந்தநாள், சாதனைகள் எல்லாம் வரும். ஊரில் யாராவது இறந்தால் ஜனாஸா அறிவித்தலும் படத்தோடு அதே குழுமத்தில்தான் வரும்.

ஒருநாள், பள்ளிக் காலத்தில் உயரம் பாய்தலில் நான் மாவட்டச் சாதனை படைத்த நாள் என்று என் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். எழுத்தை யார் வாசித்தார்கள்? மரணச் செய்திக்குச் சொல்லும் 'இன்னாலில்லாஹி' வரிசையாக வந்து விழுந்தது.

கல்முனையிலிருந்து மச்சியும் மச்சானும் அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்ததே நான்தான்.

மச்சானுக்கு அழுகை கோபமாக மாறியது. "பொம்புளைட படத்தப் போட்டா இப்பிடித்தான். அழிக்கச் சொல்லுங்க!"

"ஏலா மச்சான். பாய்ஞ்சது நான்தானே," என்றேன்.

இப்போது ஆண்டுதோறும் அந்த நாளில் என் படத்தை நானே போடுகிறேன், கலரில். கீழே எழுதுகிறேன்: ஆள் உயிரோடுதான் இருக்கிறாள். அந்த உயரத்தை இன்னும் எவரும் தாண்டவில்லை.