சோறு பிசைந்த கை

எண்ணூரில் வெள்ளத்தோடு எங்கிருந்தோ கசிந்த எண்ணெயும் வீட்டுக்குள் வந்த வருஷம், எங்கள் தெருவே பள்ளிக்கூட முகாமில் கிடந்தது. கைகாலெல்லாம் ஒரே கறுப்பு. அது சோப்புக்கு அசையாது. மண்ணெண்ணெய், அதாவது எங்கள் பேச்சில் கிருஷ்ணாயில், தொட்டுத் தேய்த்தால்தான் போகும். கறுப்பு போனால் கை சுத்தம் என்று எல்லோரும் நம்பி அப்படியே சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நாற்றத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்பது எங்கள் கணக்கு.

தொண்டு செய்ய வந்த பெண்கள் குழாயடியில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டு, பல்லை இளிக்கும் கிருமிப் படம் ஒன்றையும் ஒட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. காசிமேட்டில் காலமெல்லாம் இறால் உரித்தவளுக்குக் கை கழுவப் பாடமா? போதாததற்கு நான் ஒண்டிக்கட்டை. என் கையால் சாப்பிடப் போவது நான் மட்டும்தான். வந்தால் எனக்கு வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்துப் பாயில் ஓர் இளம் தாய், மூன்று பிள்ளைகள். புருஷன் லாரியோடு வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தான். கொடுக்கிற பொட்டலங்களை ஒரே தட்டில் கொட்டிப் பிசைந்து, சுற்றி நீளும் கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பாள். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே என் பொட்டலத்தைத் தின்பேன். அந்த வட்டத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்காதா என்றிருக்கும். வெட்கங்கெட்ட ஆசைதான்.

முகாமில் வயிற்றுப்போக்கு பரவியது. அவளையும் அது விடவில்லை. ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா, புள்ளைங்களுக்கு நீதான் சோறு பெசஞ்சி குடுக்கணும். கிருஷ்ணாயில் கையோட வேணாம், சோப்பு போட்டு கயுவிக்கோ."

என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

போய்க் கழுவிவிட்டு வந்தேன். மூத்த பெண் என் உள்ளங்கையை இழுத்து மோந்து பார்த்து, இன்னும் நாறுகிறது என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. மறுபடி போய் நக இடுக்குவரை தேய்த்தேன். படத்துக் கிருமிக்கு நான் பயப்படவில்லை, அந்தப் பெண் முகம் சுளித்ததற்குத்தான் பயந்தேன். இரண்டாவது முறை மோந்துவிட்டு அவள் கையை நீட்டினாள். தம்பிகளும் நீட்டினார்கள். அதற்குப் பிறகு சோறு வருவதற்கு முன்பே குழாயடியில் நிற்க ஆரம்பித்தேன். சோப்பைத் தொடாமல் போகிறவர்களைப் பிடித்து அதட்டவும் செய்தேன்.

சில நாளில் அவள் தேறி வந்தாள். அன்று மதியம் நான் வழக்கம்போலக் கை கழுவிவிட்டு வந்தபோது, பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தட்டு அவள் மடியில் இருந்தது. என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"ரொம்ப தாங்க்ஸ் பெரிம்மா. இனிமே நான் பாத்துக்குறேன்."

நல்ல பெண். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஈரக் கையோடு என் பாய்க்கு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.