மானா, சாவியா?

கடிகாரக் கடைக்கு வருகிறவர்கள் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவார்கள், மணியைத் தவிர.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற சாலையில் எங்கள் கடை. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே ரிப்பேர் பார்ப்பவர் என் வீட்டுக்காரர். முன்னால் நின்று பேசுவது நான். புது வாட்சுகளோடு, கைமாறி வரும் சுவிஸ் வாட்சுகளும் விற்கிறோம். அதில் இரண்டு கம்பெனிகளுக்குள் எப்போதும் போட்டி. பெயர்கள் வாயில் நுழையாது என்பதால், டயலில் உள்ள படத்தை வைத்து மான் மார்க், சாவி மார்க் என்றுதான் கடையில் சொல்வோம். மான் கட்டினால் கௌரவம், சாவி கட்டினால் காலத்துக்கும் உழைக்கும் என்று பேர். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, இந்தப் பேரால் நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

சம்பந்திகள் வந்தார்கள்

பெண்ணின் அப்பா பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர், கையில் மான். பையனின் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர், கையில் சாவி. நிச்சயம் முடிந்து இரு குடும்பமும் ஊர் சுற்ற மலையேறியிருந்தார்கள். வழியெல்லாம் எந்த வாட்ச் உசத்தி என்று பேசிப் பேசி, கடைக்கு வரும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. "என் வாட்சப் பாத்து பொம்பளைங்க நகை மாதிரி இருக்குங்கிறாருங்க. இவர் வீட்டுக்கா என் பொண்ணு போகுது?" என்றார் பெண்ணின் அப்பா. கல்யாணப் பெண் முகம் வெளுத்துப்போனது.

என் வீட்டுக்காரர் இரண்டையும் வாங்கி, செல்போனைப் பார்த்து ஒரே நேரம் வைத்து, நாளைக்கு வரச் சொன்னார். மறுநாள் வெள்ளனே வந்து நின்றார்கள். மான் ஆறு செகண்ட் முன்னால் ஓடியிருந்தது. சாவி ஆறு செகண்ட் பின்னால். யார் ஜெயித்தது என்று தெரியாமல் இரண்டு பேரும் விழித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது: "அப்பா ஆறு செகண்டு முன்னாடி, மாமா ஆறு செகண்டு பின்னாடி. நடுவுல நாங்க ரெண்டு பேரும் சரியா இருந்துக்கிறோம், விடுங்க."

முந்நூறு மீட்டர்

படகில் போய்விட்டு நேராக வந்தார் ஒரு சென்னைக்காரர். அவருடைய சாவி மார்க் கண்ணாடிக்குள் பனி மூட்டம் போட்டிருந்தது. "கடலுக்குள்ள முந்நூறு மீட்டர் போனாலும் தாங்கும்னு பேரு! இதுல எப்படிங்க தண்ணி?" என்று கொதித்தார். வாட்சுக்குப் பக்கவாட்டில், சாவி கொடுக்கிற திருகை அவர் இறுக்காமலே விட்டிருந்தார். மலைக்காற்றின் ஈரம் உள்ளே போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பேசுவதே அபூர்வம். வாட்சைத் திறந்து உலர்த்தி, திருகை இறுக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கடலுக்குத் தாங்கும்னுதான் கம்பெனிக்காரன் சொன்னான் சார். கொடைக்கானல் மேகத்துக்கு அவன் வாக்கே குடுக்கல."

அண்ணன் கொடுத்த மான்

வியர்த்துப் போகிற வேலை எங்களுக்கு ஒன்று உண்டு: போலியைப் போலி என்று சொல்வது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு கணவர், ஸ்ட்ராப் மாற்றத் தன் மான் மார்க்கைக் கழற்றித் தந்தார். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பரிசாம். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, எடை இல்லை. மானுக்குக் கொம்பும் ஒன்று குறைவு. பக்கத்திலேயே மனைவி நிற்கிறார். சொன்னால் அவருடைய அண்ணன் மானம் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது சொல்லுவார்கள், அப்போது என் பேரும் போகும்.

வேறு வழியில்லாமல், மெதுவாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா வாட்சை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தபடி கணவர் தோளில் தட்டினார்: "எனக்கு எங்கண்ணன் பாத்துக் குடுத்ததுல ஒரிஜினலா அமைஞ்சது நீங்க மட்டுந்தாங்க!"

கவுஞ்சியிலிருந்து

பூண்டு நன்றாக விளைந்த வருஷம். மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து ஒருவர் செருப்பில் செம்மண்ணோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாதாரண வாட்சுகளை எடுத்து வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் அவற்றை நகர்த்திவிட்டு, "அந்த ரெண்டு பெரிய கம்பெனியக் காட்டு தாயி. ரிப்பேரானா எங்க போகணும்?" என்றார்.

"பெரிய ரிப்பேருன்னா சாவிக்கு மதுரையே போதும். மானைச் சீமைக்கு அனுப்பணும்."

"அப்ப மானு வேணாம். மருந்தடிக்கிற மிசினக் கோயமுத்தூருக்கு அனுப்பியே மூணு மாசமா அங்க கெடக்கு."

பேர், கௌரவம் என்று எதுவும் பேசாமல், இவ்வளவு வெரசா முடிவெடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. சின்ன டயல் வைத்த சாவி மார்க் ஒன்றை எடுத்து, தானே மனைவி கையில் கட்டிவிட்டார். அந்த அம்மா வெட்கத்தோடு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன நாளா இருட்டுனாத்தான் காட்ட விட்டு வருவேன்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார், "இனிமே அஞ்சு மணி ஆனா வந்துருவேன், சொல்லிப்புட்டேன்."

ஆக, எந்தக் கம்பெனி உசத்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்றாலும், கேட்பவர் கையில் கட்டியிருப்பதுதான் உசத்தி என்று சொன்னால் டீ வாங்கித் தருகிறார்கள்.