மச்சான் வேலை செய்யும் இடம்

சுவிஸில் எங்கள் ஆட்களின் கலியாண வீடியோக்களில் சாப்பாட்டுக் காட்சிதான் மிக நீளம். ஊஸ்டரில் நடந்த ஒரு கலியாணத்தின் வீடியோவை எம்மன்புரூக்கேயில் தங்கச்சி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வடை கடிப்பதை விட்டுப்போக மனமில்லாமல் கமெரா நின்று பார்த்தது. மணமகளுக்குக்கூட அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை. நானே சிரித்துக்கொண்டிருக்க, தங்கச்சியின் மகள், "மாமா, நிப்பாட்டுங்கோ" என்றாள்.

வீடியோவில் என் முதுகுக்குப் பின்னால் மண்டபத்தின் குசினிக் கதவு திறந்திருந்தது. சோற்று அண்டாவோடு நின்ற ஒருவர் கமெராவைக் கண்டு முகத்தைத் திருப்பினார். முகத்தை மட்டும்தான். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் பெயர் தைத்திருந்தது.

"அப்பா" என்றாள் பிள்ளை.

தங்கச்சியும் மச்சானும் பிரிந்து கனகாலம். மகளுக்குரிய தாபரிப்புப் பணத்தை அவர் கட்டுவதில்லை. நகரசபை அலுவலகம் அதைத் தங்கச்சிக்கு முற்பணமாகக் கொடுத்துவிட்டு அவரைத் தேடும். வேலையிடம் அகப்பட்டால் சம்பளத்திலேயே வெட்டும். வெட்டத் தொடங்கியதும் அவர் வேலையை விட்டு மறைந்துவிடுவார்.

ஹோட்டலில் லீவு நாளென்று கலியாணத்துக்குச் சமைக்க வந்திருப்பார்; அவர் சமைத்த சோற்றை அன்று நாங்கள் மூவரும் சாப்பிட்டிருக்கிறோம். நான் மறுசோறும் கேட்டு வாங்கினேன். கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்திருப்பாரா என்று வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் குசினிக் கதவு திறந்துகிடந்தால், யாராவது எழும்பிப் போய்ச் சாத்தினோம்.

தெரிந்ததை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியது தங்கச்சியின் கடமை. மூவரும் அங்கே பஸ்ஸில் போகும்போது, "சொன்னா திருப்பி ஓடிடுவார் அண்ணை" என்றாள்.

"சொல்லாட்டி?"

"இருக்கிற இடமாவது பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும்."

மொழிபெயர்க்கத்தான் நான் போனேன். என் ஜெர்மன், வெங்காயம் உரிக்கவும் ஏச்சு வாங்கவும் போதுமானது. அலுவலகப் பெண்மணி தகப்பனைப் பற்றி ஏதும் தகவல் உண்டா என்று கேட்டார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை, தெளிவான ஜெர்மனில் ஹோட்டலின் பெயரைச் சொன்னாள். பிறகு, "நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியவருமா?" என்று கேட்டாள்.

பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பயப்படாதே. ஒருபோதும் சொல்லமாட்டோம்" என்றார், மிக அன்பாக.

பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. வெளியே வந்து கேட்டேன்.

"ஏன், தெரியவேணும் எண்டோ நினைச்சனீ?"

"ஓம். கோவத்திலயாவது போன் எடுத்துக் கதைப்பார்."

இந்த முறை அவர் ஓடவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். அவர் எடுத்துக் கதைக்கவுமில்லை. ஆனால் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறாராம். அந்த மேசைக்கு முன்னால் வாயே திறக்காதவனுக்கு இவ்வளவு பெரிய புகழ்.

ஒரு நாள் இதைப் பகிடியாகப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்கட பேரைச் சொல்லியோ ஏசினவர்?"

"ஓம்."

"என்னெண்டு ஏசினவர் மாமா? அப்பிடியே சொல்லுங்கோ."

தூஷணத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவள் அந்தத் தூஷணத்தையும் சொல்லச் சொன்னாள்.